சாந்த்ராகாச்சிச் சேனையும் நன்முயற்சியும்



பகவான் புத்தர் தம்மத்தை விளக்க எடுத்தாண்ட உவமைகளுள் மிகப் பல, உழைப்பாளரின் கைகளிலிருந்து பிறந்தவை. உழவன், குயவன், தச்சன், தட்டான், அம்பு திருத்துவோன், மாடு மேய்ப்போன் ஆகியோர் அவருடைய உபதேசங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றனர். நாம் தியானம் என்று வழங்கும் பயிற்சிக்குப் பாலி மொழியில் உள்ள பெயரும் அத்தகையதே. 'பாவனா' என்பது அப்பெயர். இல்லாத நன்மையை உண்டாகச் செய்தல், உள்ள நன்மையை வளரச் செய்தல் என்பது அதன் நேர்ப்பொருள். ஆகவே பாவனை செய்பவன் கண்ணை மூடி அமர்ந்திருப்பவன் மட்டும் அல்லன். அவன் ஒரு பயிரைத் தன் பொறுப்பில் ஏற்றவன்.

திரிசரணம் புகுந்து பஞ்சசீலம் ஏற்ற குடும்பங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. சபையில் எழுந்து கேட்கக் கூசி, தனியே கேட்கப்படும் கேள்வி அது. "தம்மம் தழுவி ஆண்டுகள் பல சென்றன. பௌர்ணமி தவறாமல் விரதம் காக்கிறோம். ஆயினும் கோபம் பழையபடியே வருகிறது. வீட்டிலே பூசலும் குறையவில்லை. உறவினரோ, 'வழி மாறிப் போனீர்களே, என்ன கண்டீர்கள்?' என்று நகைக்கிறார்கள். உண்மையில் நாம் என்ன கண்டோம்?" இதனை எளிய கேள்வியென்று தள்ளிவிடலாகாது. இதற்கு விடை காணாதவர் சண்டையிட்டுப் பிரிவதில்லை. ஒரு பௌர்ணமிக்கு வாராதொழிவார், மறு பௌர்ணமிக்கும் வாராதொழிவார், பின் மெல்ல மெல்ல மறைந்தே போவார். அவ்விடையை இன்று ஒரு தோட்டச் செடியினிடத்தே தேடுவோம்.

ஊரும் கிழங்கும்

வங்கத்தில் கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஹௌரா இருக்கிறது. ஹௌரா இரயில் நிலையத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சாந்த்ராகாச்சி. தென்கிழக்கு இரயில்வேயின் பெரிய சந்திப்பு அது. சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் தமிழர் பலர் அந்நிலையத்தைக் கண்டிருப்பர். நிலையத்தை அடுத்துள்ள ஏரியில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான சீழ்க்கைச் சிறகிகள் வந்து தங்குவதையும் அவர்கள் அறிவர். ஆனால் வங்காளிகளின் அடுக்களையில் அவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறொன்று. அது 'ஓல்' என்னும் கிழங்கு.

ஓல் என்பது நம்முடைய சேனைக்கிழங்கே. வடமொழியில் அது சூரணம். தமிழகத்தில் சில ஊர்களில் அதனையே கருணைக்கிழங்கு என்பர். வேறு சில ஊர்களில் கருணை என்றால் பிடிகருணையாகிய சிறு கிழங்கைக் குறிக்கும். குழப்பம் வாராதிருக்க நாம் சேனை என்றே வழங்குவோம். இந்தியாவில் பயிராகும் சேனை வகைகளை வேளாண்மை நூல்கள் வரிசைப்படுத்தும்போது கஜேந்திரா, ஸ்ரீபத்மா முதலிய பெயர்களோடு சாந்த்ராகாச்சி என்ற பெயரும் தவறாமல் வருகிறது. கஜேந்திரா வகையில் கிழங்கு ஒற்றையாய் உருண்டு திரளும், காறலும் இராது. சாந்த்ராகாச்சி வகையிலோ தாய்க்கிழங்கைச் சுற்றிச் சிறு கிழங்குகள் பல ஒட்டியிருக்கும். தோல் கரடுமுரடாய் இருக்கும். சிறிது காறலும் உண்டு. அந்த ஊர் இன்று நகரத்தோடு கலந்து கட்டடங்களும் இரயில் பாதைகளுமாய் ஆகிவிட்டது. அதன் பெயரோ ஒரு கிழங்கைப் பற்றிக்கொண்டு நாடெங்கும் நிற்கிறது.

அதே ஹௌராவில், சிப்பூரில், கங்கைக் கரையோரம் ஒரு பெரிய தாவரத் தோட்டம் உள்ளது. 1787-ஆம் ஆண்டில் இராபர்ட் கிட் என்பவர் முயற்சியால் அது தோன்றியது. 1770-ஆம் ஆண்டின் கொடும்பஞ்சத்தில் வங்கம் மடிந்ததை அத்தலைமுறையினர் மறக்கவில்லை. பஞ்சத்தில் மக்களைக் காக்கும் உணவுச் செடிகளை அங்கே வளர்த்துப் பரப்ப வேண்டும் என்பது கிட் அவர்களின் நோக்கங்களுள் ஒன்று. அவருக்குப்பின் 1793-இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், அதற்கு முன்னர் நமது சோழமண்டலக் கரையோரம் பல்லாண்டு செடிகளை ஆராய்ந்தவர். அக்கரையின் செடிகளைப் பற்றி அவர் இயற்றிய பெருநூலில் சேனையும் இடம் பெற்றது. தென்னாட்டுக் கரையையும் கங்கைக் கரையையும் இணைக்கும் செடி இது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

பருவங்களும் பௌர்ணமிகளும்

சேனை ஒரு பூண்டுச் செடி. மரம்போல் வைரம் பாய்ந்த தண்டு அதற்கில்லை. ஆயினும் ஓராண்டில் முடிந்துபோகும் பயிரும் அன்று. மண்ணுக்கு மேலுள்ள பாகம் ஆண்டுதோறும் மடியும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு உயிரோடிருந்து மறு பருவத்தில் மீண்டும் தழைக்கும். பகவான் வகுத்த விநயத்தில், பிக்குகள் செடிகொடிகளைச் சிதைத்தலாகாது என்ற விதி உளது. அவ்விதியை விளக்குமிடத்தில், வேரால் முளைப்பன, தண்டால் முளைப்பன, கணுவால் முளைப்பன, நுனியால் முளைப்பன, விதையால் முளைப்பன எனச் செடிகள் ஐவகையாகப் பிரிக்கப்படுகின்றன. வேரால் முளைப்பனவற்றுள் இஞ்சியும் மஞ்சளும் முதலில் சொல்லப்படுகின்றன. மண்ணுக்கடியில் உயிர் காக்கும் இனம் அது. சேனையையும் நாம் அவ்வரிசையில் வைத்து எண்ணலாம்.

இச்செடியின் ஆண்டு நமது தம்ம ஆண்டோடு பெரிதும் ஒத்துச் செல்வதைக் காணுங்கள். பங்குனி முதல் வைகாசி வரை நடவுக் காலம். வைகாசிப் பௌர்ணமியன்று, பகவானின் பிறப்பையும் ஞானோதயத்தையும் பரிநிர்வாணத்தையும் நாம் நினைந்து விளக்கேற்றும் நாளில், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். மேலே ஒன்றும் தோன்றாது. ஆடிப் பௌர்ணமியை அடுத்துப் பிக்குகள் மழைக்காலத் தங்கலாகிய வஸ்ஸத்தை மேற்கொள்ளும்போது, சேனையின் இலை குடைபோல் விரிந்து நிற்கும். அந்த வஸ்ஸம் ஏற்பட்ட காரணத்தையும் இங்கே நினைக்க வேண்டும். மழைக்காலத்தில் பிக்குகள் ஊர் ஊராய் நடந்து பசும்புல்லையும் இளம் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனரே என்று மக்கள் குறை கூறினர். அக்குறை நியாயமானதென்று கொண்டே பகவான் தங்கலை விதித்தார். இளந்தளிரின் பொருட்டு ஒரு சங்கமே நடையை நிறுத்திற்று! ஐப்பசியில் வஸ்ஸம் நிறைவெய்தும். அக்காலத்தில், காளி பூசைக்கு முந்திய நாளில், வங்காளிகள் பதினான்கு வகைக் கீரைகளைச் சமைத்து உண்பர். அப்பதினான்கில் ஓலின் இலையும் ஒன்று. கார்த்திகை மார்கழியில் இலை பழுத்துச் சாயும். அப்போது கிழங்கை அகழ்வர். நட்டது முதல் அகழ்வது வரை எட்டு ஒன்பது மாதங்கள்.

நால்வகை முயற்சி

அட்டாங்க மார்க்கத்தில் ஆறாவது அங்கம் சம்மா வாயாமம், அதாவது நன்முயற்சி. அதனைப் பகவான் நான்காகப் பகுத்தார். தோன்றாத தீமை தோன்றாதபடி தடுத்தல், தோன்றிய தீமையைக் களைதல், தோன்றாத நன்மையைத் தோன்றச் செய்தல், தோன்றிய நன்மையை அழியாது காத்தல் என்பன அவை. சம்வரம், பஹானம், பாவனா, அனுரக்கணம் என்று பாலியில் பெயர் பெறும். சேனை வளர்ப்போன் செய்யும் வேலை அனைத்தும் இந்நான்கில் அடங்கும்.

முதலில் தடுத்தல். சேனைக்கு ஈரம் வேண்டும்; தேங்கிய நீர் ஆகாது. நீர் தேங்கினால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெண்மையான பூஞ்சை நூல்போல் படர்ந்து கழுத்தழுகல் என்னும் நோயை உண்டாக்கும். ஓரடி உயரத்தில் இலை செழிப்பாய் நிற்கும்போதே அடி அழுகி ஒரு நாளில் செடி சாய்ந்துவிடும். கங்கையின் கழிமுகத்துத் தாழ்ந்த நிலத்தில் பெருமழை பெய்யும். ஆதலால் நீர் வடியும் மேட்டு நிலத்தைத் தேர்வதும், மழைக்கு முன்பே வடிகால் அமைப்பதும் அறிவுடையோன் செயல். சினமும் அவ்வாறே. சினம் மூண்டபின் அதனோடு போராடுவது கடினம். எந்த இடத்தில், எவருடைய பேச்சில், எந்த வேளையில் நம் உள்ளத்தில் நீர் தேங்குகிறது என்று முன்னரே அறிந்து வடிகால் அமைப்பதே சம்வரம். பசியோடும் களைப்போடும் இருக்கும் வேளையில் கணக்கு வழக்குப் பேசுவதில்லை என்று ஒரு குடும்பம் உறுதி செய்துகொண்டால், அது ஒரு வடிகால்.

இரண்டாவது களைதல். முளைத்து ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் ஒருமுறையும், பின் ஒரு மாதம் கழித்து மறுமுறையும் களையெடுத்து மண் அணைப்பர். இலை விரிந்து நிழல் தந்த பின்னர்க் களை தானே அடங்கும்; அதுவரை கையால் எடுத்தே ஆக வேண்டும். மண்வெட்டியை ஆழமாய்ப் போட்டால் கிழங்கும் வேரும் காயப்படும். தன் குற்றங்களைக் களைய முற்படுவோர் சிலர் தம்மையே வெட்டிக்கொள்கின்றனர். "நான் தகுதியற்றவன், எனக்கு இது வாராது" என்று தம்மைப் பழித்துக்கொள்வது களையெடுத்தல் ஆகாது, அது கிழங்கைக் காயப்படுத்துதல். களையைக் களையென்று கண்டு, கைக்கு அடங்கும் பருவத்திலே மெல்லப் பிடுங்குக.

மூன்றாவது வளர்த்தல். இரண்டடிச் சதுரத்தில் ஒன்றரையடி ஆழமாய்க் குழி தோண்டுவர். குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி விடுவர். மேல்மண்ணோடு இரண்டு கிலோவுக்குக் குறையாத மக்கிய தொழுவுரமும் சிறிது சாம்பலும் கலந்து இடுவர். அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரை எடையுள்ள துண்டுகளாகக் கிழங்கை வெட்டி, சாணக் கரைசலில் தோய்த்து, நிழலில் உலர்த்தி நடுவர். நட்டபின் குழியின் மேல் வைக்கோலோ உலர்ந்த இலையோ பரப்பி மூடுவர். வெட்டும்போது ஒன்றைக் கவனிப்பர்: ஒவ்வொரு துண்டிலும் உச்சி முளையின் ஒரு பகுதி இருத்தல் வேண்டும். தம்மத்தைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து அளிக்கும்போதும் இது நினைவிருக்கட்டும். விழாவை மட்டும் கொடுத்தோம், பெயரை மட்டும் கொடுத்தோம், பழம்பெருமையை மட்டும் கொடுத்தோம் என்றால் போதாது. துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நீங்கும், நீங்கும் வழியும் உண்டு என்ற நற்காட்சியாகிய முளையும் அதில் ஒட்டியிருக்க வேண்டும்.

நான்காவது காத்தல். அகழ்ந்தெடுத்த கிழங்கில் அடுத்த ஆண்டுக்கான விதைக்கிழங்கை முதலில் ஒதுக்கிவிட்டே மீதியை உண்ணவும் விற்கவும் எடுப்பர். ஒதுக்கியதைக் காற்றோட்டமான நிழலிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று குவியாதபடி பரப்பி, இடையிடையே புரட்டிப் பார்ப்பர். சிறு காயம் பட்டது அழுகினால் அருகிலிருப்பதும் அழுகும். ஒரு விரத நாளில் உண்டான அமைதியை மறுநாளே வம்பில் செலவிட்டுவிடாமல் காப்பதும் இத்தகையதே. கிடைத்ததெல்லாம் உண்டு தீர்ப்பவனுக்கு மறு ஆண்டு நடவு இல்லை.

நம் ஆணைக்கு அடங்காதது

இந்நான்கையும் செய்தபின் உழவனுக்கு வேறு என்ன அதிகாரம் உண்டு? அங்குத்தர நிகாயத்தில் பகவான் இதனையே கூறினார். உழவன் விரைந்து செய்ய வேண்டியவை சில உள: நிலத்தை உழுதல், காலத்தில் விதைத்தல், நீரைப் பாய்ச்சுதலும் வடித்தலும். ஆனால், 'இன்றே என் பயிர் முளைக்கட்டும், நாளை கதிர் விடட்டும், மறுநாள் முற்றட்டும்' என்று ஆணையிடும் ஆற்றல் அவனுக்கு இல்லை. பருவம் மாறும்போது பயிர் தானே முளைக்கிறது, கதிர்விடுகிறது, முற்றுகிறது. அவ்வாறே, மேலான ஒழுக்கத்திலும் மேலான உளப்பயிற்சியிலும் மேலான ஞானத்திலும் விரைந்து முயலுதல் சாதகனின் கடமை. உள்ளம் விடுதலை அடையும் நாளை இன்றென்றும் நாளையென்றும் குறிப்பது அவன் கையில் இல்லை என்றார்.

சேனை நட்டவன் முதல் மாதத்தில் மண்ணைத்தான் பார்ப்பான். முளை வருவதற்கு ஒரு மாதம் ஆகும். சில வேளை அதற்கு மேலும் ஆகும். பொறுமையற்றவன் முளைத்ததா என்று தோண்டிப் பார்க்கிறான். தோண்டும்போது இளமுளை முறிகிறது. பின்னர் மூடிவிட்டு, 'இந்தக் கிழங்கு சரியில்லை' என்கிறான். தன் உள்ளத்தை நாள்தோறும் தோண்டி, 'கோபம் போயிற்றா, ஞானம் வந்ததா' என்று அளப்பவனும் அவனே.

அதுபோலவே கார்த்திகையில் இலை மஞ்சளாகிச் சாயும்போது அறியாதவர் செடி மாண்டது என்று வருந்துவர். மேலும் மேலும் நீர் ஊற்றுவர். உறங்கும் கிழங்குக்கு அந்நீரே நஞ்சாகும். செடி மாளவில்லை. ஓரிலையால் அது கோடையிலும் மழையிலும் சேர்த்த வலிமை முழுதும் கீழே இறங்கிவிட்டது. சேனையின் மேலே தெரிவது கிளைகளுள்ள தண்டுபோல் தோன்றினும், உண்மையில் அது ஒற்றை இலையே; பல கீற்றுகளாய்ப் பிரிந்து நிற்கிறது. அந்த ஓர் இலையின் உழைப்பே கிழங்கு. அது மறைந்தபின் சில மாதங்கள் வெறும் மண். அவ்வெறும் மண்ணைச் செடியின் ஒரு பருவம் என்று ஏற்பவனே தோட்டக்காரன்.

அன்பர்களே, நம்முடைய சபைகளுக்கும் இத்தகைய பருவம் வருவதுண்டு. கூட்டம் குறையும், ஆர்வம் தணியும், விளக்கேற்ற ஒருவரே மிஞ்சுவார். அந்த ஒருவர் விளக்கேற்றினால் போதும்.

அதுவும் அன்று, வேறும் அன்று

சேனையிடம் இன்னொரு செய்தி உளது. சென்ற ஆண்டு நட்ட கிழங்கும் இவ்வாண்டு அகழ்ந்த கிழங்கும் ஒன்றா? நட்ட கிழங்கு முளைக்கும்போது தன்னிலுள்ள சத்தையெல்லாம் இலைக்குக் கொடுத்துச் சுருங்கிப் போகிறது. அதன்மேல், தண்டின் அடியில், புதிய கிழங்கு திரள்கிறது. அகழ்ந்து பார்த்தால் புதியதன் அடியில் பழையது சக்கையாய் ஒட்டியிருக்கும். பழைய கிழங்கில் ஒரு துளியும் மாறாமல் நிற்பதில்லை. ஆயினும் பழையது இன்றிப் புதியது இல்லை. சாந்த்ராகாச்சிக் கிழங்கை நட்டால் சாந்த்ராகாச்சிக் கிழங்கே விளையும். சுற்றிலும் சிறு கிழங்குகள், அதே கரடான தோல், அதே இலேசான காறல்.

கிரேக்க வழிவந்த மிலிந்த மன்னன் நாகசேனத் தேரரிடம் கேட்டதும் இதுவே. மறுபிறப்பு எய்துபவன் முன்னவனேயா, வேறொருவனா என்றான். அவனும் அல்லன், வேறும் அல்லன் என்று விடையிறுத்தார் தேரர். இரவெல்லாம் எரியும் விளக்கின் முதல் யாமத்துச் சுடரையும் கடை யாமத்துச் சுடரையும் காட்டினார். பால் தயிராவதையும் காட்டினார். சேனை நடுவோனுக்கு அவ்விடை ஆண்டுதோறும் மண்வெட்டியின் நுனியில் கிடைக்கிறது. மாறாத ஆன்மா ஒன்று தாவிச் செல்ல வேண்டுவதில்லை. காரணம் காரியத்துக்குத் தன்னை ஒப்புவிக்கிறது. இதனால் பெறப்படுவது யாது? 'நான் இன்னும் பழைய கோபக்காரனே' என்று மனம் தளர்பவர் மாறாத 'நான்' ஒன்றைக் கற்பித்துக்கொள்கிறார். அப்படி ஒன்று இல்லை. இன்று இட்ட எருவும் இன்று எடுத்த களையும் நாளைய கிழங்கில் இருக்கும். அதனாலேயே முயற்சிக்குப் பொருள் உண்டு.

காறலும் பூவும்

சேனையின் காறலை அனைவரும் அறிவர். அதன் சதையில் கண்ணுக்குத் தெரியாத ஊசி வடிவச் சுண்ணாம்பு ஆக்சலேட்டுப் படிகங்கள் இருக்கின்றன. அவை நாவிலும் தொண்டையிலும் தைப்பதால் காறலும் அரிப்பும் உண்டாகின்றன. அதனால் கிழங்கை யாரும் குப்பையில் எறிவதில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குகிறோம். புளியிட்டு வேக வைக்கிறோம். காட்டு ஓல் எப்படியோ புலிப் புளியும் அப்படியே என்று வங்கத்தில் ஒரு பழமொழி உண்டு. வல்லவனுக்கு வல்லவன் என்ற பொருளில் சண்டைக்காரரைக் குறித்து அதனை வழங்குவர். நாம் அதனை வேறு வகையில் கொள்வோம். ஒவ்வொரு காறலுக்கும் அதனை அடக்கும் புளி ஒன்று உண்டு. வெகுளிக்கு மைத்திரி, கொடுமைக்குக் கருணை, பொறாமைக்கு முதிதை, பற்றுக்கும் வெறுப்புக்கும் உபேக்கை. காறும் மனிதரை எறிந்துவிடாதீர்கள். காறும் உங்களையும் நீங்கள் எறிந்துவிடாதீர்கள். மூல நோய்க்கு மருந்தாவதால் 'அர்சோக்னம்', அதாவது மூலத்தை அழிப்பது, என்று வடநூலார் பெயரிட்டதும் இதே காறும் கிழங்குக்குத்தான்.

இனிப் பூவைப் பற்றிச் சில சொற்கள். ஆண்டுதோறும் அகழ்ந்துவிடுவோர் சேனைப் பூவைக் காண்பது அரிது. மூன்று நான்கு ஆண்டுகள் மண்ணில் விட்டு முதிர்ந்த கிழங்கே பூக்கும். இலை வருமுன், மழைக்காலத் தொடக்கத்தில், வெறும் மண்ணிலிருந்து மணி போன்ற கருஞ்சிவப்பு மடல் எழும். நடுவே சுருக்கம் விழுந்த பெருங்குமிழ் ஒன்று நிற்கும். மடலின் அடியில் பெண்பூக்களும் அவற்றின் மேலே ஆண்பூக்களும் நெருங்கியிருக்கும். குமிழ் வெம்மை கொண்டு அழுகிய ஊனின் நாற்றத்தை வீசும். மனிதர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவர். வண்டுகளும் ஈக்களும் அழைப்பென்று வந்து சேரும். பெண்பூக்கள் முதலில் பக்குவப்பட்டு, அதன் பின்னரே ஆண்பூக்கள் மகரந்தம் உதிர்க்கும். ஆதலால் ஒரு பூவின் தூள் மற்றொரு பூவுக்குச் செல்லும். நாம் நாற்றம் என்று இகழ்வதே அவ்வுயிரினம் தழைக்கும் வழி. சில நாட்களில் மடல் வாடும். பின் சிவந்த கனிகள் திரளும்.

வாசனையை வைத்துப் பூவை இகழ்வதும் பிறப்பை வைத்து மனிதனை இகழ்வதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். சுனீதர் என்னும் தேரரை நினையுங்கள். தாழ்ந்ததென்று உலகம் ஒதுக்கிய குடியில் பிறந்தவர், வறியவர், வாடிய பூக்களை வாரிக் கொட்டுவது அவர் தொழில். மக்கள் தம்மை அருவருப்பதைக் கண்டு அனைவர்க்கும் தலை தாழ்த்தி வாழ்ந்தவர். மகதத் தலைநகருக்குள் பிக்குகள் சூழ வந்த பகவானைக் கண்டு, காவடியைக் கீழே வைத்து வணங்கித் துறவு வேண்டினார். 'வருக, பிக்குவே' என்பதே அவர் பெற்ற உபசம்பதை. குலம் கேட்கவில்லை, தொழில் கேட்கவில்லை. அவர் வனத்தில் தனித்திருந்து முயன்று அருகத நிலை எய்தினார். தவமும் ஒழுக்கமும் அடக்கமுமே மனிதனை உயர்த்துவன என்று பகவான் அவரைச் சுட்டி அருளினார். பிறர் எறிந்த பூவை வாரியவரிடத்தே தம்மம் பூத்தது.

செய்யத் தக்கது

ஆகவே, 'என்ன கண்டீர்கள்?' என்ற கேள்விக்கு விடை இதுவே. நாம் காண்பதற்காக நடவில்லை, விளைவதற்காக நட்டோம். தடுத்தல், களைதல், வளர்த்தல், காத்தல் ஆகிய நான்கும் நம் கையில் உள்ளன. முளைக்கும் நாளும் பூக்கும் ஆண்டும் நம் கையில் இல்லை. நம் கையில் உள்ளதைக் கைவிடாமலும், இல்லாததற்காகக் கலங்காமலும் இருப்பதே நன்முயற்சி.

உபாசக உபாசிகைகள் வரும் பருவத்தில் தம் வீட்டின் பக்கத்தில் ஒரு குழி சேனை நடுவார்களாக. இடமில்லாதோர் ஒரு சாக்கில் மண் நிரப்பியும் நடலாம். அடியில் நீர் வடியத் துளை இருந்தால் போதும். பிள்ளைகளின் கையால் நடச் செய்யுங்கள். தோண்டிப் பார்க்காதிருக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். பெரியோரும் உடன் கற்றுக்கொள்ளலாம். மார்கழியில் அகழ்ந்தபின் தாய்க்கிழங்கைச் சுற்றியிருக்கும் சிறு கிழங்குகளில் ஒன்றை அண்டை வீட்டாருக்கு அளியுங்கள். நம்மை நகைத்த உறவினர் அருகிலிருப்பின் முதற் கிழங்கு அவருக்கே செல்லட்டும். எப்படிச் சமைத்தால் காறாது என்பதையும் அன்போடு சொல்லியனுப்புங்கள்.

ஆளவி நகரில் பகவான் உபதேசிக்க அமர்ந்தபோது, காணாமற்போன மாட்டைத் தேடி அலைந்த ஏழை உழவன் ஒருவன் பசியோடு வந்து சேர்ந்தான். முதலில் அவனுக்கு உணவளிக்கச் செய்து, அவன் உண்டபின்னரே பகவான் தம்மம் உரைத்தார். பசித்தவன் உள்ளத்தில் போதனை இறங்காது என்பதை அவர் அறிந்திருந்தார். மண்ணுக்குள் அமைதியாய்த் திரண்டு ஒருவன் பசியைத் தணிக்கும் கிழங்கும் அந்த உபதேசத்தில் பங்கு கொள்கிறது.

அனைத்துயிர்க்கும் நலமுண்டாகுக! இட்ட விதை தன் பருவத்தே முளைக்குமாக!